காட்டுமுகாமின் கடைசிக் கூட்டம்

நவம்பர் 4
மழை. கூடாரத்துக்குள்ளும் ஈரம். நிலக்கரிச் சுரங்கத்துக்காக இந்தக் காட்டை வெட்டக் கூடாது என்று போராட்டக்காரர்கள் இங்கே வந்து உட்கார்ந்து பல மாதங்களாகின்றன. போராட்ட முகாமில் மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. அம்மா போனில், "கூடாரத்துல படுக்கவாடி எம்.ஏ. படிச்ச?" என்றாள். வீட்டில் முதல் பட்டதாரி நான். சிரித்து வைத்தேன்.

நவம்பர் 9
தச்சரைப் பேட்டி எடுத்தேன். மரத்தின் மேல் பரண்கள் கட்டியவர். முகாமின் தூண் என்பார்கள்.
"முடியலம்மா. வீட்டுக்குப் போகணும் போல இருக்கு. மத்தவங்க காதுல போட்டுடாத, உடைஞ்சிடுவாங்க."
நேற்று நர்ஸ் அக்காவும் இதையேதான் சொன்னார். அதற்கு முன்பு மீசைக்காரர். ஒவ்வொருவரும் மற்றவர்களுக்காகத்தான் இருக்கிறார்கள்! எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 12
சமையல் அக்காவின் இருமல் நிற்கவில்லை. ஈர விறகு, புகை. பேட்டி கேட்டால், "என்கிட்ட என்னடி இருக்கு? அப்புறம் பார்க்கலாம், அந்தக் கரண்டியை எடு" என்கிறார். "இந்தக் குளிர்ல நெஞ்சு தாங்காது, ஊருக்குப் போங்க" என்று நர்ஸ் அக்கா திட்டினார்.
"முகாம் இருக்கிற வரைக்கும் இருப்பேன்."

நவம்பர் 13
பேராசிரியருக்கு போன் செய்தேன். "நீ பார்க்கப் போனவ. தலையிடாத."
அக்காவுக்கு ஏதாவது ஆனாலுமா? கேட்க வாய் வரவில்லை.

நவம்பர் 16
மாலைக் கூட்டம். சம்மதமென்றால் இரு கைகளையும் தூக்கி விரல்களை அசைப்பார்கள். ஒரே ஒருவர் கையைக் குறுக்கே கட்டினாலும் தீர்மானம் நின்றுவிடும். வாய் திறக்கத் தயங்குகிற எனக்குப் பிடித்த வழக்கம்.
இன்று வாய் திறந்தேன். "எனக்கு வீட்டுக்குப் போகணும். முகாமை முடிச்சுக்கலாமா?" யார் ரகசியத்தையும் சொல்லவில்லை. என் ஆசையை மட்டும்தான்.
"நோட்டுப் புத்தகத்தோட வந்தவளுக்கு என்ன வந்துச்சு?" என்றார் மீசைக்காரர். முதலில் தச்சர் கை தூக்கினார். நர்ஸ் அக்கா. மீசைக்காரரும், அழுதுகொண்டே. கடைசியில் சமையல் அக்கா.
அப்பாடா என்றிருந்தது எனக்கு.

நவம்பர் 19
எல்லோரும் போய்விட்டார்கள். பாத்திரங்களைக் கட்டிக்கொண்டே சமையல் அக்காவிடம் கேட்டேன், "உங்களை எங்க விடணும் அக்கா?"
"பஸ் ஸ்டாண்டுல."
"அப்புறம்?"
"எந்த பஸ் முதல்ல வருதோ, அதுல."
விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"எனக்கு வீடுன்னு இருந்தது இதுதான்டி."
"அப்ப ஏன் கை தூக்கினீங்க?"
"எல்லாரும் போகணும்னு தவிக்கையில நான் ஒருத்தி குறுக்க நிக்கவா?"
நான் ஏன் இவரைத் திரும்பக் கேட்கவே இல்லை — அடுப்படியிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கலாமே —

டிசம்பர் 2
மரங்களை வெட்ட ஆரம்பித்துவிட்டார்களாம். பேராசிரியர் அத்தியாயம் கேட்கிறார். ஒரு வரிகூட ஓடவில்லை.

டிசம்பர் 11
இன்று அக்காவைத் தேடி இன்னொரு பஸ் ஸ்டாண்ட். இருமிக்கொண்டே யாராவது சமையல் வேலை கேட்டு வந்தார்களா என்று ஓட்டலில் விசாரித்தேன்.
"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"
"தங்கச்சி" என்றேன்.
"தங்கச்சிக்கே தெரியாதாம்மா, அக்கா எங்க போனாங்கன்னு?"