வாளிச் சின்னம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மூன்று டிரைவிங் வகுப்பு. வங்கிக்காரர் இன்னும் கிளட்சைக் கரப்பான்பூச்சி என்று நினைத்துத்தான் மிதிக்கிறார்.

மதியம் சந்தைக்குப் போனால் மீன்காரம்மாவைக் காணோம். சிறுநீரகத்தில் கிருமியாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவர் தண்ணீரே குடிப்பதில்லை என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். குடித்தால் போக வேண்டும். போக இடமில்லை. சந்தைக் கழிப்பறையைப் பூட்டி இரண்டு வருஷம் ஆகிறது.

எனக்குத் தெரியாத அவஸ்தையா? நாள் முழுக்க அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிக்கிற பிழைப்பு என்னுடையது. எந்தப் பெட்ரோல் பங்கில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன்.

மார்ச் 5, வியாழன்

அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா புருஷன்தான் எங்கள் வார்டுக் கவுன்சிலர், மூன்று தடவையாக. எதிர்த்து நிற்க உருப்படியான ஆள் கிடைக்காததை மக்கள் செல்வாக்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறார் அத்தான்.

கழிப்பறையை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் இணைப்பு, டெண்டர், கோப்பு என்று என்னென்னவோ சொன்னார். நான் விடவில்லை. தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அவ்வளவு அவசரம்னா நீயே எலெக்‌ஷன்ல நின்னு தெறந்துக்கோ."

அக்கா சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மார்ச் 6, வெள்ளி

நின்றுவிட்டேன்.

மனு கொடுக்கக் கடைசி நாள், கடைசி அரை மணி நேரம். முன்மொழிய ஒருவர் வேண்டும் என்றார்கள். வங்கிக்காரருக்கு அது வகுப்பு நேரம். வெளியே காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேர்த்துக்கொண்டிருந்தவரை அப்படியே இழுத்து வந்து கையெழுத்துப் போட வைத்தேன். வண்டி ஓட்டுவதற்கு இது தேவலை என்று சந்தோஷமாகவே போட்டார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பல் செட் செய்கிற மனிதர். யாருடைய மேல்தாடையையோ கையில் வைத்திருந்தார். ஜெயித்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். தோற்றால்? அதுவும் தெரியாது. "அப்ப சரி, நிக்கிற எல்லாருக்கும் அதே நெலமைதான்" என்று சொல்லிவிட்டுப் பல்லைத் தேய்க்கப் போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

சின்னம் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு வாளி. கழிப்பறைக்காக நிற்கிறவளுக்கு வாளி! சீட்டை எடுத்த அதிகாரி சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறித் தண்ணீர் கேட்டார்.

மார்ச் 11, புதன்

பெயரும் வைத்துவிட்டார்கள். கக்கூஸ்காரி.

மார்ச் 14, சனி

வீடு வீடாக ஓட்டுக் கேட்டேன். பாதி வீட்டில் யாராவது என்னிடம் வண்டி பழகியவர்கள்தான், சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் வீட்டு மாமியார் கதவையே முழுசாகத் திறக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த தைரியத்தில்தான் மருமகள் காரை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். ரிவர்ஸ் எடுக்கக்கூட சிரமப்படவில்லையாம். எனக்குப் பெருமையாக இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்தது ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நோட்டீசில் கக்கூஸ் என்று அச்சடித்திருப்பது அசிங்கம், கௌரவமாக 'சுகாதார வளாகம்' என்று போடம்மா என்றார். "அந்தப் பேர்லதான் சார் ரெண்டு வருஷமா பூட்டிக் கெடக்கு" என்றேன். ஓட்டு விழுமா தெரியவில்லை. ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் போன். எடுத்த எடுப்பில் அழுகை. "நான் எந்தப் பக்கம்டி நிப்பேன்? சாப்பாட்டு மேசையில உன் பேரையே எடுக்க முடியல."

என்னத்த சொல்றது? நான் மட்டும் ஆசைப்பட்டா நிக்கிறேன்?

ஆமாம், கொஞ்சம் ஆசைப்பட்டுத்தான் நிற்கிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள், எழுதியே வைக்கிறேன். அத்தான் முகம் தொங்குவதை ஒரு நாள் பார்க்க வேண்டும். ஆனால் அக்கா முகமும் சேர்ந்தல்லவா தொங்கும்? அதை நான் யோசிக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

சந்தையில் கூட்டம். கூட்டம் என்றால் நாற்பது பேர், இரண்டு நாய். மைக்கைப் பிடித்ததும் எனக்கு வாய் குழறியது. தெருவே அதிரக் கத்திக் கத்தி வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவளுக்கு இது தேவையா?

மீன்காரம்மா நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். மெலிந்துபோயிருக்கிறார். என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். தாகம் எடுத்தா தண்ணி குடிக்கணும். அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. நான் மைக்கை அணைத்துவிட்டேன்.

மார்ச் 25, புதன்

அத்தான் கழிப்பறையைத் திறந்துவிட்டார்.

தேர்தல் நேரத்தில் திறப்பு விழா கூடாதாம். அதனால் 'பராமரிப்புப் பணி முடிந்தது' என்று ஒரு அட்டை தொங்குகிறது. இரண்டு வருஷமாகக் கிடைக்காத தண்ணீர் இணைப்பு இருபதே நாளில் கிடைத்திருக்கிறது. டெண்டருக்குக்கூட ரோஷம் வந்திருக்கிறது.

போய்ப் பார்த்தேன். புது ஓடு, வெளிச்சம், தாழ்ப்பாள், எல்லாம் இருக்கிறது. என் தேர்தல் வாக்குறுதிக்குள்ளேயே உட்கார்ந்து நிம்மதியாக ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன்.

இனி எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பது?

மார்ச் 29, ஞாயிறு

எனக்கே போட்டேன். திருடுகிற மாதிரி இருந்தது.

மார்ச் 30, திங்கள்

பத்தொன்பது ஓட்டில் தோற்றேன்.

அத்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கை கொடுத்தார். உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. மனிதர் நன்றாகவே பயந்திருக்கிறார். அதில் ஒரு திருப்தி. ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தபோது அழுகை வந்துவிட்டது. வெட்கக்கேடு. பத்தொன்பது பேர்! ஒரு பஸ்ஸில் பாதி!

சாயங்காலம் அக்கா தனியாக வந்தாள். வெகுநேரம் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "உனக்குத்தான் போடணும்னு போனேன்டி. உள்ள நின்னதும் கை அவருக்குப் போயிருச்சு."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "நீ போட்டிருந்தாலும் பதினேழுல தோத்திருப்பேன்" என்றேன். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சரிதான் என்றாள். இருவரும் சிரித்தோம், அவள் அழுதபடியே.

ஏப்ரல் 20, திங்கள்

மதியம் அத்தான் போன் செய்தார். நான் தோற்ற பிறகு இதுதான் முதல் தடவை. கழிப்பறை மோட்டார் எரிந்துவிட்டதாம், இரண்டு நாள் பூட்ட வேண்டுமாம். "நீ சொன்னா அந்தப் பொம்பளைங்க கேப்பாங்க. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

"நான் கவுன்சிலர் இல்லையே அத்தான். நீங்களே போய்ச் சொல்லுங்க."

வைத்துவிட்டேன். இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வகுப்பை ரத்து செய்துவிட்டுப் போனேன். அத்தானைச் சுற்றி இருபது பெண்கள். ஒருத்தியும் குரலை உயர்த்தவில்லை. மீன்காரம்மா பாதி வேலையில் எழுந்து வந்ததால் கையில் கத்தி மட்டும் இருந்தது. அத்தான் பிளம்பருக்குப் போன் போட்டார்.

பிளம்பர் வேறொரு மோட்டாரோடு வந்தார். மோட்டார் அறையில் வெளிச்சமில்லை, கணுக்கால் அளவு தண்ணீர். அத்தான் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பழைய மோட்டாரை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார். நான் டார்ச் பிடித்தேன். என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு" என்றார். காட்டினேன்.

நாலரை மணிக்குத் தண்ணீர் வந்தது. வாசலில் நின்றிருந்த எங்கள் இருவரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டுப் பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள்.