எலும்பு முந்தி, சதை பிந்தி

19 ஜனவரி 2025
காலையிலிருந்து இரண்டு தடவை நட்டைத் திருப்பியாச்சு. இன்னும் இரண்டு பாக்கி. இடது முட்டிக்குக் கீழே இரும்பு வளையங்கள், வளையத்திலிருந்து எலும்புக்குள் கம்பிகள். டாக்டர் வெட்டிவிட்ட எலும்பை நான் ஸ்பேனரால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்க வேண்டும். நடுவில் புது எலும்பு வளரும். ஐந்து சென்டிமீட்டர் வேண்டும் எனக்கு.

எட்டு வயதில் எங்கள் ஊர் மெர்லிமாவில் அப்பாவின் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன். அதற்கப்புறம் இந்தக் கால் சரியாக வளரவில்லை. வெளியில் உயரச் செருப்பு மானத்தைக் காப்பாற்றும். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றணும், கோயிலிலும் அப்படித்தான். அப்புறம் நான் சாய்ந்து சாய்ந்து போவதை ஊரே பார்க்கலாம், டிக்கெட் இல்லாமல். பெண் பார்க்க வந்த அன்று அத்தை, அதாவது என் கணவர் யுவனின் அம்மா, "பொண்ணு ரொம்ப ஆடுதே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம். இன்னும் மறக்க முடியவில்லை.

26 ஜனவரி
நட்டைத் திருப்புவதில் வலியே இல்லை. பாதத்தை மேலே தள்ளுகிறார்களே, அதுதான் உயிர் போகிறது. பிசியோ உஷாந்தி முதல் நாளே சொல்லிவிட்டாள்: எலும்பு சொன்னபடி நீளும், கெண்டைச்சதை நீளாது, அதை நாம்தான் இழுத்துக்கொண்டு போகணும், விட்டால் குதிகால் தூக்கிக்கொள்ளும். நான் கத்தினால் யுவன் உடனே கையை எடுத்துவிடுகிறார். அத்தை எடுக்க மாட்டார். குதிகாலை உள்ளங்கையில் பிடித்து, முன்கையால் பாதத்தை அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், ரொட்டி மாவு பிசைகிறவர் மாதிரி.

2 பிப்ரவரி
இன்றைக்குக் கத்திவிட்டேன். "நான் ஆடாம நடந்தா போதும் உங்களுக்கு. செத்தாலும் பரவால்ல, அப்படித்தானே?" அத்தை கையை எடுத்தார். எழுந்து போய்க் கை கழுவினார். சாயந்திரமே பையைத் தூக்கிக்கொண்டு கிளேபாங்கில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். யுவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாட்டி போகட்டும் லா. அம்மாவை வரச் சொல்லிவிட்டேன்.

5 பிப்ரவரி
அம்மா வந்தாச்சு. அப்பாடா! "பிள்ளையப் போட்டு என்ன பாடு படுத்தியிருக்காங்க" என்று முட்டிக்குக் கீழே தலையணை வைத்தாள். வலி இல்லை, கால் இருப்பதே தெரியவில்லை. பாதத்தை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, "போதும்மா, நாளைக்குப் பார்ப்போம்" என்கிறாள்.

9 பிப்ரவரி
தூக்கம். ரசம். தூக்கம்.

19 பிப்ரவரி
கிளினிக். எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டருக்குச் சந்தோஷம், புது எலும்பு நன்றாக வந்திருக்கிறதாம். அப்புறம் உஷாந்தி பாதத்தைத் தள்ளினாள். வரவில்லை. மறுபடி தள்ளினாள். கெண்டை கயிறு மாதிரி விறைத்து நிற்கிறது. நிற்க வைத்துப் பார்த்தால் குதிகால் தரையைத் தொடவே இல்லை. முட்டியும் முழுசாக நீளவில்லை.

"முழங்காலுக்குக் கீழ தலையணை ஆர் வச்சது?" என்று கேட்டாள் உஷாந்தி.

"நான்தாம்மா. வலிக்குதேன்னு..." என்றாள் அம்மா.

மடங்கின காலிலேயே சதை சுருங்கிப் போயிருக்கிறது. டாக்டர் சொல்லிவிட்டார்: ஒரு வாரம் திருப்பவே கூடாது. அதற்குள் பாதம் நேராக வந்தால் மீதியைப் பார்க்கலாம். வராவிட்டால் இதோடு சரி. இப்போது மூன்றரைதான் ஆகியிருக்கிறது. அம்மாவை எப்படித் திட்டுவேன்? தினமும் தலையணையைக் கேட்டு வாங்கியவள் நான்.

21 பிப்ரவரி
மூன்றரை! அப்போ மிச்ச ஆட்டம் இருக்கத்தானே செய்யும்? எதுக்கு எலும்பை வெட்டிக்கொண்டேன்? சதைக்காக எலும்பு காத்திருக்கணுமா? ஸ்பேனர் என் கையில்தான் இருக்கு. காலையில் திருப்பினேன். மத்தியானமும் திருப்பினேன். யாருக்கும் சொல்லவில்லை. நாளைக்கும் திருப்புவேன்.

24 பிப்ரவரி
காலையில் கட்டைவிரல் மரத்திருந்தது. கிள்ளினேன். ஒண்ணுமில்ல. நகம் பதியக் கிள்ளினேன். ஒண்ணுமே இல்ல. ஐயோ. தூக்குன்னா தூக்க மாட்டேங்குது. என்ன காரியம் பண்ணிட்டேன் நான்!

அம்மாவிடம் சொன்னால் உட்கார்ந்து அழுவாள். யுவன் ஹோட்டலில் வேலையில், போனை எடுக்கவில்லை. அத்தைக்கு அடித்தேன். ஏன் அவருக்கு அடித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கிளேபாங்கிலிருந்து வாடகைக் காரில் வந்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"திருப்புனியா?"

தலையாட்டினேன். ஓர் அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"டாக்டருக்குப் போனப் போடு. மறைக்காம சொல்லு."

டாக்டர் போனிலேயே சொன்னார்: நிறுத்தச் சொன்ன பிறகு திருப்பியதையெல்லாம் இப்போதே பின்னுக்குத் திருப்பு, உடனே கிளம்பி வா. ஸ்பேனரை அத்தையிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீதானே திருப்புன."

திருப்பினேன். பின்னுக்கு. ஆசைப்பட்டுச் சேர்த்ததை நானே கழித்தேன், அழுதுகொண்டே.

25 பிப்ரவரி
நரம்பு இழுபட்டிருக்கிறதாம். உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம். மூன்றரையோடு முடிந்தது.

அம்மா ஊருக்குப் போகவில்லை. அவள் என் முட்டியைப் பிடித்துக்கொள்ள, அத்தை பாதத்தைத் தள்ளுகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. நான் துண்டைக் கடித்துக்கொள்கிறேன்.

6 மார்ச்
கட்டைவிரல் எரியுது! எரியுது, சாமி, எரியுது!

30 ஆகஸ்ட்
வளையங்களைக் கழற்றியாச்சு. உள்ளே இருந்தது என் கால்தானா? கெண்டைச்சதை என்று ஒன்று இல்லவே இல்லை, தோல் தொங்குகிறது. "எலும்பின்ட வேலை முடிஞ்சுது. சதைக்கு இனித்தான் வேலை. ஒரு வருசம் பிடிக்கும், கூடவும் பிடிக்கும்" என்றாள் உஷாந்தி. கால் இருக்கே, அது போதும். இல்லை, போதாது. நடக்கணும்.

14 டிசம்பர்
மிச்ச நீளத்துக்கு இன்னோர் ஆபரேஷன் பற்றி டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். வாய் தானாகச் சொன்னது. வீட்டுக்கு வந்து யோசித்தேன், இப்போதும் வேண்டாம்தான்.

21 டிசம்பர்
அத்தை காலையில் படகுக்காரர்களிடம் கெம்போங் மீன் வாங்கி வந்தார். தஞ்சோங் கிளிங்கில் கடலோரம் குடியிருப்பதில் இது ஒரு லாபம். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குந்தி ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கத்தியோடு எதிரே போய்க் குந்தினேன். அவர் பாதி, நான் பாதி. மீன் விலையைப் பற்றி என்னவோ புலம்பிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். என் காலையே பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு குதிகாலும் சிமெண்டுத் தரையில் இருந்தன.

"எந்திரி, பார்ப்போம்."

எழ வரவில்லை. கெண்டை வெடவெடவென்று நடுங்கியது. கையை நீட்டினேன். அவர் மீன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பாவி மனுஷி! பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ எழுந்து நின்றேன்.

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு முழங்கையால் கண்ணைத் துடைத்தார். ஒரு செதில் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால், அழுததைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்துவிடும்.