பூசையில் வைத்த சாவிகள்

செப்டம்பர் 10, 1964

முதலாளி இன்று எங்களைக் குடும்பம் என்றார். டிரைவர்கள் எல்லாரும் அவர் பெற்ற பிள்ளைகள் மாதிரியாம். சொன்ன கையோடு, ராத்திரியெல்லாம் ஓட்டித் துறையூரிலிருந்து வந்த என்னைத் திருவெறும்பூருக்குக் குழாய் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார். அங்கே புதுத் தொழிற்சாலை கட்டுகிறார்கள், எல்லாம் அவசரம். இறக்குவதற்கு ஆள் வருவது மட்டும் நிதானம். லாரியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்பெனியில் இதற்கு ஓய்வு என்று பெயர். பெற்ற பிள்ளைகளை அவர் துறையூருக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 20

சங்கக் கூட்டம். செயலாளர் பிச்சமுத்துவும் எங்களைப் போல ஒரு டிரைவர்தான். சட்டத்தைப் படித்துக் காட்டினார். நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, மேலே ஓட்டினால் இரட்டைக் கூலி. சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். டெல்லியிலிருந்து பாலக்கரையில் எங்கள் ஷெட்டுக்கு நடந்தே வருகிறது போலிருக்கிறது, பாவம்.

எல்லாருமாகப் போய் முதலாளியிடம் கேட்டோம். நெற்றியில் பளிச்சென்று நாமம், முகத்தில் பெரிய சிரிப்பு. "புரட்டாசி போகட்டும், பேசுவோம்" என்றார். விரத மாதத்தில் பொய் சொல்லக் கூடாது, அதனால் தள்ளிப்போடுகிறார் என்று வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 23

இன்று நன்றாகத் தூங்கினேன். எங்கே என்று எழுதினால் வேலை போய்விடும்.

அக்டோபர் 2

காந்தி பிறந்த நாள். ஊருக்கெல்லாம் விடுமுறை.

எங்கள் வீரமலைக்கும் விடுமுறை கிடைத்தது, பெரியாஸ்பத்திரியில். துறையூர் லோடை இறக்கியதும் இறக்காததுமாக அவனைப் பண்ருட்டிக்கு விரட்டினார்கள். என்ன அவசரம் என்றால், ஸ்ரீரங்கத்தில் முதலாளி வீட்டுக் கொலுவுக்குப் பொம்மை. இரண்டு ராத்திரி கண்ணை மூடாதவன், திரும்பி வரும்போது சமயபுரத்துக்கு இந்தப் பக்கம் புளியமரத்தில் கொண்டுபோய் மோதிவிட்டான். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

முதலாளி பதறியடித்து ஓடினார். லாரியைப் பார்க்கத்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தடவிக் கொடுத்தார். பிறகு பொம்மைப் பெட்டியைத் திறந்தார். தசாவதாரத்தில் வாமனரும் பரசுராமரும் தூள். அப்போதுதான் அவர் முகம் உண்மையாகவே வாடியது.

அக்டோபர் 5

வீரமலையை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். வேலை நேரத்தில் தூங்கினானாம்! தூங்குகிற நேரத்தில் வேலை செய்தானே, அதற்கு என்ன தண்டனை? அதை யாரும் சொல்லக் காணோம்.

தோளில் கட்டோடு அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனது நான்தான். நல்ல வெயில். அவன் மனைவி ராக்கம்மாள் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அடிபட்டது அவளுக்கு முன்னமே தெரியும், அதற்கு அழுது முடித்திருந்தாள். ஆனால் பகல் வெளிச்சத்தில் புருஷன் வருவதைப் பார்த்ததுமே, நாங்கள் வாய் திறக்கும் முன்பே, திரும்ப அழ ஆரம்பித்துவிட்டாள். டிரைவர் பகலில் வீட்டுக்கு வந்தால் வேறென்ன சேதி இருக்கும்?

அன்றைக்கு முறை மாறியிருந்தால் அந்த மரத்தில் நான். எங்கள் தெருவில் அழுதுகொண்டு என் மனைவி ஆபிதா.

அக்டோபர் 13

நாளை ஆயுத பூசை. ஷெட்டில் எப்போதும் பழைய லாரியின் சாவி ஒன்றை மட்டும் மரியாதைக்குச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். பூசையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டித்தான் எடுக்கலாம். மற்ற லாரிகள் சுண்டலை மென்றுகொண்டு மத்தியானமே கிளம்பிவிடும். சாமிக்கு ஒரு சாவி, முதலாளிக்கு ஐந்து.

இந்த வருஷம் ஆறையும் வைத்துவிடுவோம் என்றார் பிச்சமுத்து. ஒரு நாளாவது தூங்கலாமே. அதற்கு மேல் எங்களுக்குத் திட்டம் எதுவும் இல்லை, சத்தியமாக.

அக்டோபர் 14

வைத்தோம். நானும் வைத்தேன். என் எண்ணம் அல்லாவுக்குத் தெரியும், மன்னிப்பான். முதலாளிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "இந்த வருஷம்தான்டா உங்களுக்கெல்லாம் பக்தி வந்திருக்கு" என்று ஒவ்வொரு சாவிக்கும் தன் கையாலேயே குங்குமம் வைத்தார். கற்பூரத்தையும் காட்டி முடித்தார்.

அப்போது பார்த்துத் திருவெறும்பூரிலிருந்து சைக்கிளில் ஓர் ஆள். குழாய் உடனே வேண்டுமாம், நாளைக் காலைக்குள் வராவிட்டால் வேறு கம்பெனி லாரியைப் பார்த்துக்கொள்வார்களாம். முதலாளியின் கை தானாகச் சாவிப் பக்கம் போயிற்று. சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த முதலாளியம்மா, "தொடாதீங்க. நாளைக்குத்தான்" என்றார். போன கை அப்படியே நெற்றிக்குப் போய் வியர்வையைத் துடைத்தது.

அம்மா எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "வீரமலையைக் காணோமே. வருஷா வருஷம் பூசணிக்காய் அவன்தானே உடைப்பான்?"

பிச்சமுத்துதான் சொன்னார்: "வேலையை விட்டு நிறுத்திட்டாங்கம்மா. ரெண்டு ராத்திரி தூங்காம ஓட்டினவன், உங்க பொம்மையை ஏத்திட்டு வரும்போது கண்ணசந்துட்டான்."

அம்மா கணவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "குடிச்சிட்டு ஓட்டினான்னு சொன்னீங்களே?"

புரட்டாசியில் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன் அல்லவா? என் தப்பு.

"அவன் வந்து பூசணிக்காய் உடைக்கட்டும். அதுவரைக்கும் சாவி இங்கேயே இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அம்மா மறுபடியும் சுண்டல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். சங்கத்துக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு தலைவி இருப்பது எங்களுக்கே இன்றுதான் தெரிந்தது.

அக்டோபர் 15

முதலாளியே காரை எடுத்துக்கொண்டு போய் வீரமலையை அழைத்துவந்தார். கம்பெனி வரலாற்றில் அவர் செய்த முதல் டெலிவரி.

அதற்கு முன்னால் ஷெட்டில் ஒரு பேச்சு நடந்தது. வீரமலை உடைப்பான், ஆனால் சாவியை எடுக்க வேண்டியது நாங்கள் என்று பிச்சமுத்து பணிவாக நினைவுபடுத்தினார். தொழிற்சாலை ஆள் வாசலில், அம்மா கற்பூரத் தட்டோடு உள்ளே. பிச்சமுத்து நீட்டிய தாளில் முதலாளி கையெழுத்துப் போட்டார். எட்டு மணி நேரம், மேலே போனால் இரட்டைக் கூலி, ராத்திரி ஓட்டத்துக்கு இரண்டாவது டிரைவர். தோள் கூடும்வரை வீரமலைக்கு ஷெட்டில் வேலை.

அவன் இடது கையால் பூசணிக்காயைத் தூக்கிப் போட்டான். சரியாக உடையக்கூட இல்லை. நாங்கள் போட்ட சத்தத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அக்டோபர் 27

முதலாளி முனகிக்கொண்டேதான் நேரத்துக்கு விடுகிறார். என்னைப் போகச் சொல்லிவிட்டு, லாரியை ஏதோ பறிகொடுத்தவர் போலப் பார்த்தார். இன்றுதான் முதல் தடவையாகப் பொழுது இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன்.

ஆபிதா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறம் கையிலேயே நின்றுவிட்டது. "உங்களையும் நிறுத்திட்டாங்களா?" என்றாள். இல்லை, வேலை முடிந்துவிட்டது என்றேன். முடிஞ்சுதுன்னா என்ன அர்த்தம் என்று கேட்டாள். மூன்று தரம் விளக்கிய பிறகும் பாதிதான் நம்பினாள்.

டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முக்காடு கொஞ்சம் நழுவியிருந்தது, அந்த வெளிச்சத்தில் காதோரம் முடி வெள்ளையாகத் தெரிந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அது ஆச்சு ரெண்டு வருஷம்" என்றாள்.