நிற்கும் விமானங்களைப் பார்க்கப் போகிறேன்

ஜூலை 1, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் நாகமலைப் பக்கமிருந்து ஒரே புழுதி. காயப்போட்ட புடவை பக்கத்து வீட்டு முருங்கை மேல். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரம், அப்படியே விட்டுவிட்டேன்.

மதியம் மெயில் வந்தது! ஸ்பெயின், தெருவெல். அங்கே ஒரு விமான நிலையம். பயணிகள் விமானம் ஒன்றுகூட வந்து போகாது. வேலை இல்லாத விமானங்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துகிறார்கள். சில திரும்பப் பறக்கும், சிலவற்றைப் பிரித்துவிடுவார்கள். சுற்றிக்காட்டும் பெண்தான் எழுதியிருக்கிறாள். நான் கேட்ட நாலு இன்ஜின் ரெட்டை மாடி விமானத்தை அக்டோபர் பாதியில் பிரிக்கப் போகிறார்களாம். செப்டம்பர் கடைசியில் வந்தால் முழுசாகப் பார்க்கலாம்.

செப்டம்பர் கடைசி காலாண்டு விடுமுறை. எவர் தடுக்கிறார் பார்ப்போம்.

பாஸ்போர்ட் எங்கே? (பீரோ மேல்தட்டு?)
தலைமையாசிரியையிடம் (த.ஆ.) தடையில்லாச் சான்று.
விசாவுக்குச் சென்னை.
ஸ்வெட்டர். மதுரையில் யார் விற்கிறார்கள்?
கேஸ் புக் பண்ண வேண்டும். இன்றும் மறந்தாயிற்று.

ஜூலை 3, வியாழன்

த.ஆ. அறை. விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பயணத்தின் காரணம்: நிறுத்தி வைக்கப்பட்ட விமானங்களைப் பார்த்தல்.

“இது என்னமோ மாதிரி இருக்கு டீச்சர். மகனப் பாக்கப் போறேன்னு எழுதிருங்க.”

“அவன் பெங்களூர்ல இருக்கான் டீச்சர்.”

“அப்ப சர்ச்சு, மியூசியம்னு ஏதாவது போடுங்க. மேல உள்ளவங்க கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“பிளேன் பாக்கன்னு சொல்லுங்க.”

யூனிஃபார்ம் போடாமல் வந்த பிள்ளையைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். கையெழுத்து போடவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாமாம்.

ஒன்பதாம் வகுப்பில் மழை மறைவுப் பிரதேசம். வறண்ட மேட்டு நிலத்தில் ஏன் விமானத்தை நிறுத்துகிறார்கள் என்பதையும் சேர்த்தே நடத்தினேன். ஈரம் குறைவு, துரு குறைவு. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, “அப்ப நம்ம சமயநல்லூர்லயே நிப்பாட்டலாம்ல டீச்சர்?” நியாயம்தான்.

ஜூலை 6, ஞாயிறு

பரவை மார்க்கெட். கத்தரிக்காய் பரவாயில்லை, மல்லித்தழை வாடல். பையோடு அப்படியே அண்ணன் வீட்டுக்கு. நானே சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஊருக்கெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

“ஏ பாப்பா, மாப்ள போயி வருசம் திரும்பல. அதுக்குள்ள சீமைக்குப் போறியாம்ல?”

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இன்னும் பாப்பாதான்.

“தலைத்தெவசம் கழியாம மலை ஏறக் கூடாது, திருவிழாவுக்குப் போகக் கூடாது, கடல் தாண்டக் கூடாது. தெரியும்ல?”

“நான் போற எடத்துல கோயிலும் இல்ல, திருவிழாவும் இல்லண்ணே. கடலத் தாண்டுறது பிளேனு, நான் சும்மா உக்காந்துதான் இருப்பேன்.”

“எகத்தாளமா? ஏர்போர்ட்டுக்குப் போயி பிளேன் ஏறாம, நிக்கிறதப் பாத்துட்டு வாறதுக்கு இம்புட்டுத் தூரமா? சனம் சிரிக்காது?”

“பதினாறு முடிஞ்ச மறுநாளே பள்ளிக்கூடம் போனேன். அப்ப நீங்க யாரும் வருசம் பாக்கலயே.”

மதினி டம்ளரை நங்கென்று வைத்தாள். காபியில் சீனி இல்லை. வேண்டுமென்றே போடவில்லையா, மறந்துவிட்டாளா, தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று த.ஆ. விடுப்பு, இன்று கூட்டம். கையெழுத்து இல்லை.

சாயங்காலம் மதினி போன். குரலில் தேன்.

“ஏத்தா சாந்தி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாத. அது அண்ணனோட ஆசைன்னு சொல்லிரு. சாகுறதுக்கு முந்தி, ‘அந்த பிளேனெல்லாம் பாக்கணும் சாந்தி’ன்னு சொன்னாகன்னு. ஒரு பய வாயத் தெறக்க மாட்டான். ஒங்க அண்ணனே வந்து ஏத்திவிடுவாக.”

மதினி என் வீட்டுக்காரரை அண்ணன் என்றுதான் சொல்வாள். அவள் சொன்னபடிதான் நடக்கும், அதில் சந்தேகமே இல்லை. யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லையே, ஏன்?

அவருக்கு விமானம் என்றாலே நடுக்கம். மதுரை ஏர்போர்ட்டில், பெருங்குடிப் பக்கம் ஓடுதளச் சுவரை ஒட்டி என்னை எத்தனை ஞாயிறு வண்டியில் கூட்டிப்போயிருக்கிறார்! நான் அண்ணாந்து நிற்பேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். விழுந்தால் ஹெல்மெட் தாங்குமா என்று கேட்டால், “தாங்குற மட்டும் தாங்கட்டும்” என்பார். நல்ல மனுஷன். அவர் ஆசை இது இல்லை.

எனக்கு ஏன் ஆசை? யாராவது கேட்டால்தானே. மேலே பறந்தால் அடிவயிறு மட்டும் தெரியும். டெல்லிப் பயிற்சிக்குப் போனபோது ஏறினேனே, குழாய் மாதிரி ஒரு பாதை, அப்புறம் சீட், அவ்வளவுதான். எதில் ஏறினேன் என்றே பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய சாமான் தரையில் நிற்க, அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். கை வைத்துப் பார்க்க வேண்டும். வேறு காரணம் எதுவும் கிடையாது. ஒரு பெண்பிள்ளைக்கு இது போதாதா?

ஜூலை 10, வியாழன்

த.ஆ. கையெழுத்து போட்டு மேலே அனுப்பிவிட்டார். காரணத்தை மாற்றவில்லை. “ஒங்களோட மல்லுக்கட்ட முடியல டீச்சர்.” நன்றி சொன்னேன். பாஸ்போர்ட் பீரோவில்தான் இருந்தது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

கேஸ் வந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை உடனே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் வீட்டில் சாப்பாடு. மகன் கார்த்தி பெங்களூரிலிருந்து நேரே அங்கே வந்திருந்தான். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“அப்பா கடைசியா அதத்தான் கேட்டாராம்மா? எங்கிட்டச் சொல்லவே இல்ல.”

மதினி முந்திக்கொண்டு எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். நான் யோசிக்கிறேன் என்று சொன்னதை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள் போல. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு கனிவு. “மாப்ள ஆசைன்னா தெவசம் என்ன பாப்பா, போயிட்டு வா. நானே மீனம்பாக்கம் வரைக்கும் வாரேன்.”

இலை முன் உட்கார்ந்தும் கார்த்தி என் கையை விடவில்லை. “நானும் லீவு போடுறேம்மா. அப்பா போட்டோவ எடுத்துட்டுப் போவோம். அந்த பிளேனுக்கு முன்னாடி வச்சு ஒரு படம் எடுத்துக்குவோம்.”

இத்தனை மாதத்தில் அவன் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. தலையை ஆட்டினால் போதும். எல்லாம் கிடைத்துவிடும். அண்ணன், மகன், துணை, மரியாதை. ஆட்டத்தான் போனேன்.

ஆனால் அந்த மனுஷன் ஹெல்மெட்டோடு கண் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். உயிரோடு இருந்தவரைக்கும் பயந்த ஒன்றின் முன்னால் அவர் படத்தைக் கொண்டுபோய் வைப்பதா? அதுவும் நான் போவதற்காக?

“இல்லடா. அப்பாவுக்கு பிளேன்னாலே பயம். இது அவர் ஆசை இல்ல. என்னோட ஆசை.”

மதினி அடுப்படிக்குள் போய்விட்டாள். கார்த்தி கையை எடுத்துக்கொண்டான். அண்ணன் இலையை மடக்கி எழுந்தார். “அப்ப தெவசத்துக்கு என்னையக் கூப்பிடாத.”

“கூப்பிடுவேண்ணே. வாறதும் வராததும் ஒங்க இஷ்டம்.”

ரசமும் மோரும் விட்டுச் சாப்பிட்டுத்தான் எழுந்தேன். பசித்தது.

ஜூலை 15, செவ்வாய்

காற்று குறையவில்லை. முருங்கையில் பாதிப் பூ தரையில்.

பள்ளி விட்டு வந்ததும் கார்த்தி போன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழை உண்டா, இல்லை. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான்.

“அப்பாவுக்காகன்னு சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேம்மா.”

“தெரியும்டா.”

“அப்புறம் ஏன்?”

“எனக்காகன்னா வர மாட்டியா?”

பின்னால் அவன் ஊர் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் போனை வைத்தேன்.

விசாவுக்குச் சென்னை, திங்கட்கிழமை காலை ரயில். ஒரு டிக்கெட் போட்டுவிட்டேன்.