ஹேண்டில்பார் மாற்றிய மாதம்

மார்ச் 3, செவ்வாய்

இடது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. எக்ஸ்ரே அறையில் படம் எடுக்க ஒரு பெரியவரின் தோளைத் திருப்பிவைக்கும்போது என் விரல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. எல்லாம் ஞாயிறன்று மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டியதன் பலன். எலும்பு டாக்டர் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார்: "குனிஞ்சு குனிஞ்சு உடம்பு பாரத்தையெல்லாம் கையில போடறீங்க. ஹேண்டில்பாரை உசத்துங்க, இல்லேன்னா சைக்கிளை மூட்டை கட்டுங்க."

மூட்டை கட்டுவதாம்! அக்காவும் நானும் சண்டை போடாமல் இருக்கும் ஒரே இடம் அந்தப் பாதை.

மார்ச் 5, வியாழன்

சைக்கிள் கடைக்காரர் இரண்டு வகை ஹேண்டில்பாரையும் மேசைமேல் வைத்தார். ஃபிளாட் பார், துடைப்பக் கட்டை மாதிரி நேராக. என் வண்டியில் இருப்பது அதுதான். ரைசர், நடுவிலிருந்து இரு பக்கமும் மேலெழும்பி, பிடி உயரமாக நிற்கும். "ஃபிளாட்ல ஏத்தம் சுலபம், ரைசர்ல இறக்கம் சுலபம். உங்களுக்கு எது வேணும்?"

"கை வேணும்" என்றேன். சிரித்தார். ஆனாலும் வாங்காமல் வந்துவிட்டேன். ஏன்?

மார்ச் 6

ஏன் என்று தெரியும். அக்கா.

மார்ச் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "ரைசரா? காய்கறி வாங்கப் போற வண்டியாக்கப் போறியா? ஏத்தத்துல முன்சக்கரம் தூக்கும். அப்புறம் 'நில்லு நில்லு'ன்னு பின்னாலேர்ந்து கத்தக்கூடாது" என்றாள். தன் ஃபிளாட் பாரின்மேல் கவிழ்ந்து விர்ரென்று ஏறிப் போனாள். போன மழைக்காலத்தில் பாறைச் சரிவில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டவள் என்று யாராவது சொல்வார்களா? திரும்பும்போது அந்தச் சரிவில் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டினாள். பிரேக் சரியில்லையாம்.

மார்ச் 14, சனி

போட்டாச்சு. ரைசர்.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா சொன்னது பொய்யில்லை. ஏற்றத்தில் முன்சக்கரம் அலைந்தது. சீட்டின் நுனிக்கு நகர்ந்து நெஞ்சைத் தாழ்த்திய பிறகே அடங்கியது. ஆனால் பாறைச் சரிவில் தலை நிமிர்ந்தது, பாதை முழுக்கத் தெரிந்தது, கைகள் என் கைகளாகவே இருந்தன! கீழே வந்து திரும்பிப் பார்த்தால், அக்கா உருட்டிக்கொண்டு வருகிறாள்.

"பிரேக் இன்னும் சரி பண்ணலையா?"

"பிரேக்குக்கு என்னடி கேடு? எனக்குத்தான். அந்த இடத்துல குனிஞ்சதும் மறுபடியும் தலைகுப்புற விழற மாதிரியே இருக்கு. உன்கிட்ட சொன்னா சிரிப்பே."

நானா சிரிப்பேன்? இத்தனை ஞாயிறும் கூடவே வந்து எதைத்தான் பார்த்தேன் நான்? பெரிதாக எலும்புக்குள் இருப்பதைப் படம் எடுக்கிறேனாம்!

மார்ச் 22, ஞாயிறு

சரிவுக்கு மட்டும் வண்டியை மாற்றிக்கொண்டோம். அதை அவளிடம் கேட்கவே எனக்குத் தைரியம் வேண்டியிருந்தது. "பின்னாடியே வா. முந்தாதே" என்றாள். பாதியில் நின்றுவிட்டாள். மீதியை உருட்டினோம், இருவருமே. அவள் வண்டியில் குனிந்ததில் என் விரல்கள் மறுபடி மரத்தன. போகட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா வண்டியிலும் ரைசர். ஏற்றத்தில் வழக்கம்போல் முன்னால் பறக்கவில்லை. பக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு, முன்சக்கரத்தைத் திட்டிக்கொண்டு வந்தாள். பாறைச் சரிவின் உச்சியில் நின்றோம்.

"நீ போ. திரும்பிப் பாக்காதே."

பார்க்கவில்லை. பாதி தூரம் இறங்கும்வரை பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சரளைக்கல் நொறுங்கும் சத்தம், அது நெருங்க நெருங்க அவள் குரல்: "ஓரமா போடி! வழியை விடு!"

ஓரமாகப் போனேன்.