சங்கத்துப் புடவை

செப்டம்பர் 4, வியாழன்
மழை வரும்போல இருந்தது, வரவில்லை. சாயங்காலம் பெருங்களத்தூர் கேட் பக்கத்து பேக்கரிக்குப் போனேன். ஒரு டீ, ஒரு தேங்காய் பன். "வேன் அண்ணன் இருந்தா இந்நேரம் சர்க்கரை பத்தலன்னு சத்தம் போட்டிருப்பாரு" என்றார் கடைக்காரர் பத்ரி. வேன் ஓட்டின என் வீட்டுக்காரரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். சிரித்தேன். என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிற யாரும் அவர் பேச்சையே எடுப்பதில்லை. எடுத்தால் அழுவேனாம். பேக்கரியில்தான் எடுக்கிறார்கள். அதற்காகத்தான் போகிறேன், பன்னுக்காக இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு
பெண்கள் ஞாயிறு. சர்ச்சில் மாதர் சங்கத்துக்கெல்லாம் ஒரே ஊதாப் புடவை. ஜனவரியில் அவரை அடக்கம் பண்ணினதிலிருந்து நான் கலர் கட்டவில்லை. சங்கத்து ஹில்டா அக்கா காலையிலேயே வந்துவிட்டார்கள். "ஜெபசீலன் இருந்தா உன்ன இந்த வெளுத்த புடவையில கூட்டிட்டுப் போவாரா? பேசாம நில்லுடீ." நின்றேன், ஊதாவைக் கட்டிவிட்டார்கள். கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. அப்படி நினைத்தது தப்போ?

செப்டம்பர் 8, திங்கள்
நேற்று காலையோடு நிறுத்திவிட்டேன், மிச்சத்தை எழுத முடியவில்லை. சாயங்காலம் புடவையை மாற்றாமலே பேக்கரிக்குப் போனேன். பத்ரி முகம் கொடுக்கவில்லை. "நீங்க இனிமே கடைக்கு வர வேணாம்மா" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன்.

"துக்கம்தான், தெரியும். அதுக்காக என் வொய்ஃபை அப்படியா பேசுறது? கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகல. அழுதுட்டே ஊரப்பாக்கம் அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

அவர் இல்லாத நேரத்தில் கடை கேமராவில் பதிந்த படத்தைச் செல்போனில் காட்டினார். காலையில் யாரோ கேக் பெட்டியைக் கல்லா மேல் ஓங்கி அடிக்கிறாள், பப்ஸ் தட்டு கீழே விழுகிறது. முதுகுதான் தெரிகிறது. ஊதாப் புடவை, கொண்டை. ஒரு நிமிஷம் எனக்கே நான்தானோ என்று ஆகிவிட்டது.

நான் இல்லப்பா, நான் இல்லன்னு சொல்றேன் — காதுலயே வாங்கல. டீ குடிக்கிறவங்க எல்லாம் பாக்குறாங்க. கலர் கட்டினதுக்குத்தான் இதுன்னு தோணுது. ஏன் கட்டினேன்?

செப்டம்பர் 11, வியாழன்
வீட்டிலேயே டீ போட்டேன். இன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

செப்டம்பர் 13, சனி
ஹில்டா அக்காவிடம் சொல்லிவிட்டேன். பாதி கேட்டதுமே விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அடியே, அன்னிக்கு நம்ம சர்ச் பொம்பளைங்க எல்லாருக்கும் அதே முதுகுதான்டீ! நாளைக்கு அந்தப் புடவையைக் கட்டு." மாட்டேன் என்றேன். "கட்டுற."

செப்டம்பர் 14, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் சங்கமே பேக்கரிக்குப் போனது, எல்லாரும் ஊதாவில். பத்ரி கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். ஹில்டா அக்கா எங்களையெல்லாம் கடைக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள்.

"இப்ப சொல்லு தம்பி. இதுல யாரு?"

 கடைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்: "எல்லாரையும் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க." அம்மா வீட்டிலிருந்து வந்துவிட்ட பத்ரியின் மனைவி மாளவிகா. திரும்பினோம். என்னைப் பார்த்து, "இவங்கள நான் பாத்ததே இல்லையே" என்றாள்.

பின்வரிசையில் பாடகர் குழு கிறிஸ்டி கையைத் தூக்கினாள். "நான்தாம்மா. பெண்கள் ஞாயிறுக்குக் கேக் சொன்னா, ஹேப்பி பர்த்டேன்னு எழுதி வெச்சிருக்கீங்க. ஆனாலும் நான் பேசினது தப்புதான். மன்னிச்சிக்கோ." என் பக்கம் திரும்பி, "உன் தலையில விழும்னு தெரியாதுக்கா."

பத்ரி என்னை நிமிர்ந்து பார்க்காமலே டீ ஆற்றிக் கொடுத்தார். "சர்க்கரை பத்துமாம்மா?"

"பத்தல" என்றேன், என் வீட்டுக்காரர் மாதிரியே சத்தமாக. பத்ரிதான் முதலில் சிரித்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு
வியாழக்கிழமை விசேஷம் ஒன்றும் இல்லை. சும்மா பேக்கரிக்கே ஊதாவைக் கட்டிக்கொண்டு போனேன். தூரத்தில் பார்த்ததுமே மாளவிகா உள்ளே குரல் கொடுத்தாள்: "வேன் அண்ணன் வீட்டம்மா வராங்க, டீ போடுங்க." அவள் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

அடுத்த வருஷம் சங்கத்துக்கு மாம்பழக் கலராம். பேர் கொடுத்துவிட்டேன்.