ஓங்கிய கத்தியும் பொங்கிய பாலும்

1968 ஜனவரி 16, செவ்வாய்

அப்பா சம்மதித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுப்பவர் அல்லவா, இதையும் கலந்துதான் கொடுத்தார். ஜூனில் மெட்ராஸ் போய் எம்.ஏ. சேரலாம். அதுவரை தினமும் காலை ஆறு மணிக்கு வேதாகமத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் மெட்ராஸ் கிடையாது.

"மனசுக்குள்ளயே படிக்கிறேம்பா."

"வாய்விட்டுப் படி. மனசுக்குள்ள நீ என்ன படிக்கிறேன்னு எனக்குத் தெரியும்."

வேதாகமத்துக்குள் நாவல் வைத்துப் படிப்பதைச் சொல்கிறார். நாவலாவது கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கக் கூடாதா?

ஜனவரி 19, வெள்ளி

அப்பா முற்றத்தில் சவரம். அம்மா அடுப்படியில். நான் நடுவில், ரயில் பிடிக்கப் போகிறவள் மாதிரி படிக்கிறேன். படித்தது ஒன்றும் நினைவில் இல்லை. நிறையப் பேர் நிறையப் பேரைப் பெற்றார்கள்.

ஒரு சங்கடம். ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் துரைக்கண்ணு அண்ணனும் பூவம்மாள் அக்காவும் விடியுமுன்னே தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இரண்டு கை இடைவெளி. நான் வாயைத் திறந்ததும் தறி நின்றுவிடுகிறது. அவர்களுக்குக் கோபம்தான். குமரகோட்டம் முருகனுக்குக் காவடி எடுக்கிறவர்கள். காலங்காத்தாலே இதைக் கேட்க வேண்டுமென்று அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

ஜனவரி 28, ஞாயிறு

நேற்று ஆபிரகாம் மகனைப் பலிபீடத்தில் கிடத்திக் கத்தியை ஓங்கினபோது பால் பொங்கிவிட்டது. அம்மா கத்தினாள், ஓடினேன். இன்று அந்த மிச்சத்தை விட்டுவிட்டு அடுத்த அதிகாரத்துக்குத் தாவினேன். யார் கேட்கப் போகிறார்கள் என்று.

குழாயடியில் பூவம்மாள் அக்கா என் குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாப்பா, கத்திய தூக்கினாரு, நீ பால் பொங்குதுன்னு ஓடிட்ட. இன்னிக்கு வேற கத சொல்ற. அந்தப் புள்ள இன்னாதான் ஆச்சு? இவரு ராத்திரி பூரா பொரண்டுக்கினே இருந்தாரு."

"நீங்க... கேக்கறீங்களாக்கா?"

"கேக்காம? தறிய எதுக்கு நிறுத்தறோம்? சத்தத்துல ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது."

பிள்ளை பிழைத்தான், பலிக்கு ஆட்டுக்கடா வந்தது என்றேன். அவள் குடத்தை விட்டுவிட்டு நேராக வீட்டுக்குள் ஓடினாள். "பொழச்சிக்கினான்!" தெருவுக்கே கேட்டது.

பிப்ரவரி 9, வெள்ளி

இப்போதெல்லாம் அவசரமாகப் படிக்க முடிவதில்லை. "மெதுவா" என்று சுவர் சொல்கிறது.

யாக்கோபு யோசேப்புக்கு மட்டும் பலவர்ண அங்கி செய்துகொடுத்த இடம். அண்ணனுக்குக் கரை என்ன நிறம் என்று தெரிய வேண்டுமாம். எழுதியிருக்கவில்லை என்றேன். பெரிய குறை என்றார். அக்காவுக்கு வேறு கவலை: "அத்தினி புள்ளைங்கள்ல ஒருத்தனுக்கு மட்டும் புதுத்துணி எடுத்தா மத்தவன் சும்மா இருப்பானா? அப்பனுக்கு ரெண்டு உடணும்."

பலமுறை பிரசங்கம் கேட்டிருக்கிறேன். யாக்கோபுக்கு ரெண்டு விட வேண்டுமென்று எந்தப் பாதிரி ஐயரும் சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. இத்தனை நாவல் படித்து என்ன பயன்?

பிப்ரவரி 10, சனி

ஐயோ.

யோசேப்பின் கதைக்கு நடுவில் யூதா முக்காட்டிலிருந்த சொந்த மருமகளைத் தாசி என்று நினைத்து அழைக்கிற அதிகாரம் ஒன்று இருப்பதை ஞாயிறு பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லையே! பாதியில் என் குரல் தானாகத் தேய்ந்தது. "சத்தம்!" என்றார் அப்பா. சத்தமாகப் படித்தேன். இரண்டு வசனம் கழித்து முகவாயை வெட்டிக்கொண்டார்.

"போதும், போதும். அடுத்த அதிகாரம் போம்மா."

சுவர்: "ஏன் சார் நடுவுல நிறுத்தறீங்க?"

அப்பா துண்டைத் தேடினார். முகமெல்லாம் நுரையும் ரத்தமும். அந்த அதிகாரத்தை மத்தியானம் தனியாக முடித்தேன். அந்த மருமகள் கெட்டிக்காரி.

மார்ச் 8, வெள்ளி

ஆசரிப்புக் கூடாரம், வனாந்தரத்தில் கடவுளுக்குத் துணியால் கட்டின கோயில். முழம் முழமாகத் திரைகள், கொக்கிகள், அவை மாட்டும் காதுகள். எழுதியவருக்கு வாசகர்மேல் இரக்கமே இல்லை. தாண்டிவிடலாமென்று பார்த்தால் சுவருக்கு அப்பால் ஆனந்தம். இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு என்று நூலின் நிறங்களை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார்கள். அப்புறம் சண்டை. அவ்வளவு நீளத் திரையை ஒரே தறியில் இறக்கலாமென்று அண்ணன். "உங்கொப்பனா இறக்குவான்" என்று அக்கா. மத்தியானம் வரை ஓயவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தால் ஒரு வீட்டில் சோறு வடிக்காமல் போனது இதுவே முதல் தடவையாக இருக்கும். அம்மா குழம்பு கொடுத்தனுப்பினாள்.

"அவங்களுக்காக ஜெபிக்கணும்டீ" என்றாள். எதற்கு? நன்றாகத்தானே கேட்கிறார்கள்.

ஏப்ரல் 17, புதன்

நூலகத்திலிருந்து எடுத்த நாவலைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மே 21, செவ்வாய்

தொண்டை போச்சு. விழித்தால் குரலே இல்லை. ஒரு நாள் விட்டால் மெட்ராஸ் கிடையாதுன்னு சொல்லியிருக்காரே, என்ன பண்றது, என்ன பண்றது? அழுகைகூட சத்தமில்லாமல் வந்தது.

அப்பா டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். "இன்னிக்கு வேணாம்மா. நான் ஒண்ணும் அவ்ளோ பொல்லாதவன் இல்ல. இத்தனை மாசம் படிச்சதே போதும், மெட்ராஸ் போ."

போதுமாம்! எனக்கு ஒரு வினாடி சந்தோஷம். அடுத்த வினாடி — பலமெல்லாம் தலைமயிரில் இருக்கும் சிம்சோன் தெலீலாளின் மடியில் தூங்கிக்கொண்டிருக்கிறான். இன்று தலைமயிரைச் சிரைக்கப் போகிறார்கள்.

ஆறு ஐந்துக்குப் பூவம்மாள் அக்கா சுக்குக் கஷாயத்தோடு வந்து நின்றாள். "கொரலு இல்லன்னா இன்னா? நீ எங்கிட்ட குசுகுசுன்னு சொல்லு. நான் அவருக்குச் சொல்லிக்கிறேன்."

நான் அவள் காதில் ஓதினேன். அவள் சுவரைப் பார்த்து முழங்கினாள்:

"மாமா! அந்தக் களவாணி ஆள உட்டு மொட்ட அடிச்சிட்டா!"

"கட்டிக்கினவளா?"

"கட்டிக்காதவ! கண்ண வேற நோண்டிட்டானுங்க மாமா!"

வேதத்தில் இல்லாத வசவுகள் எட்டுப் பத்தாவது சேர்ந்திருக்கும். அப்பா சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டே கேட்டார். சிம்சோனின் தலைமயிர் திரும்ப முளைக்கத் தொடங்கியது என்று நான் ஓதினதும் அக்கா கையைத் தட்டினாள். "மொளைக்குது மாமா, மொளைக்குது!"

அப்பா விடுவித்த பிறகும் ஏன் படித்தேன்? அக்காவுக்காக என்று எழுதலாம். எழுத மாட்டேன்.

ஜூன் 3, திங்கள்

அன்னாள். பிள்ளையில்லாதவள். ஆலயத்தில் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொள்கிறாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாயா என்று கேட்கிறான்.

முடித்த பிறகும் தறி ஓடவில்லை. பூவம்மாள் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். படிக்கும்போது எனக்கு இது தோன்றவே இல்லை, மடச்சி.

குழாயடியில் நான்தான் தயங்கினேன். அவள் சொன்னாள்: "அந்தாளு கேட்டான் பாரு ஒரு கேள்வி. கண்ணு இருக்குது, பாக்கத் தெரியல." குடத்தைத் தூக்கினாள். "ஆனா அந்தம்மாவுக்குப் புள்ள பொறந்துச்சில்ல? சாமி காதுல உழுந்துச்சில்ல? அது போதும், போ."

மத்தியானம் அதையே மறுபடி எடுத்தேன். யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. சத்தம் வராமல் உதட்டாலேயே படித்தேன், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. பிறகு அக்காவுக்காக வேண்டிக்கொண்டேன், அதே மாதிரி. கண் நனைந்திருந்தது போல.

அப்பா உள்ளே வந்தவர் என் நெற்றியில் கை வைத்தார். "என்னம்மா, தானா முணுமுணுக்கறே? காய்ச்சலா?"

ஏலியின் வம்சம் அழியவில்லை. சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. அப்பா மாத்திரை எடுத்துவரப் போனார்.

ஜூன் 22, சனி

நாளை மெட்ராஸ். தாவீது கல்லைப் பொறுக்கி வைத்திருக்கிறான். கோலியாத் எதிரே நிற்கிறான். துரைக்கண்ணு அண்ணன் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். இத்தனை மாதத்தில் முதல் தடவை.

"இப்பிடி நடுவுல உட்டுட்டுப் போறியேம்மா. நாயமா?"

ஜூலை 1, திங்கள்

ஹாஸ்டல். நாலு பேருக்கு ஓர் அறை. காலை ஆறு மணிக்குப் பழக்கத்தில் வாய்விட்டுப் படித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் இந்திராணி தலையணையை எறிந்தாள். குறி தப்பவில்லை. இனி மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியடி.

ஜூலை 7, ஞாயிறு

அப்பா முறுக்கோடு வந்தார். இப்போது அம்மா படிக்கிறாளாம், எழுத்துக்கூட்டி. "இந்தம்மா படிச்சி முடிக்கறதுக்குள்ள அந்தத் தடியன் கெழவனாயிடுவான்" என்கிறாளாம் அக்கா. ஆனாலும் தறி நிற்கிறதாம்.

"நீ படிக்கிறியாம்மா?" என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முறுக்கு நன்றாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

மழை. மாடிக்குப் போக முடியவில்லை. கட்டிலிலேயே வாய்க்குள் படித்தேன். ராஜா சவுலுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. தாவீது சுரமண்டலம் வாசிக்கிறான். சவுல் கையில் ஈட்டி. என் குரல் எப்போது ஏறியது என்று தெரியாது. எறிகிற இடத்தில் நினைவு வந்து நிறுத்திக்கொண்டு, தலையணை வருமென்று குனிந்தேன்.

வரவில்லை. இந்திராணியின் போர்வைக்குள்ளிருந்து:

"குத்திச்சா இல்லையா?"

எனக்கு என்ன வந்ததோ. வேதாகமத்தை மூடினேன்.

"பால் பொங்குது. மிச்சம் நாளைக்கு."